ரத்தக் குழாய் வளர்ச்சியை நிறுத்தும் நோய் எதிர்ப்புப் புரதங்கள்: எங்கே உதவி, எங்கே உபத்திரவம்?

"நோய் எதிர்ப்பு செல்கள் சுரக்கும் புரதம் ஒன்று ரத்தக் குழாய் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது, புற்றுநோய்க் கட்டியைப் பட்டினி போட வழி பிறந்தது." இந்த வகைச் செய்தி ஆண்டுக்கு ஒருமுறையாவது கண்ணில் படும். படிப்பவருக்கு உடனே இரண்டு சந்தேகங்கள் வரும். ரத்தக் குழாய் வளர்வது நல்லதுதானே, அதை நம் உடலே ஏன் தடுக்க வேண்டும்? அப்படித் தடுக்கும் புரதம் உடலிலேயே இருக்கிறதென்றால், அதை ஊசியில் ஏற்றிப் புற்றுநோயை ஏன் இன்னும் ஒழிக்கவில்லை?

இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றில்தான் அடங்கியிருக்கிறது. இந்தப் புரதங்கள் புற்றுநோய்க்காக உருவானவை அல்ல. காயமோ தொற்றோ ஏற்பட்டு, சீரமைப்பு வேலை முடிந்ததும் "போதும், நிறுத்து" என்று சொல்வதற்காக உடல் வைத்திருக்கும் கட்டளைகள் அவை. கட்டளை சரியான இடத்தில், சரியான நேரத்தில், சரியான அளவில் வந்தால் குணம், தவறினால் கேடு. தலைப்புச் செய்திகளில் தொலைந்துபோவது இந்த இடமும் நேரமும் அளவும்தான்.

உட்சுவர் செல்கள்

ரத்தக் குழாய் ஒவ்வொன்றின் உட்புறத்திலும் ஒரே ஒரு செல் தடிமனுள்ள மெல்லிய விரிப்பு இருக்கிறது. அறிவியலில் இதற்கு எண்டோதீலியம் என்று பெயர். இங்கே உட்சுவர் செல்கள் என்றே குறிப்பிடலாம். தமனிக்கும் சிரைக்கும் இந்த விரிப்புக்கு வெளியே தசையும் நாரும் உண்டு. தந்துகி எனப்படும் மிக நுண்ணிய குழாய்க்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஏறக்குறைய உட்சுவர் செல்கள் மட்டுமே சேர்ந்து அமைந்த குழாய் அது.

வளர்ந்த மனிதரின் உடலில் இந்தச் செல்கள் பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும். குடலின் உட்பரப்பில் உள்ள செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றன. உட்சுவர் செல்களோ மாதக்கணக்கில், சில இடங்களில் ஆண்டுக்கணக்கில், இரண்டாகப் பிரிந்து பெருகாமலே இருந்துவிடும். காயம் ஆறும்போதும், மாதவிடாய்ச் சுழற்சியில் கருப்பையின் உட்சவ்வு தடிக்கும்போதும், கர்ப்பத்தின்போதும் அவை விழித்துக்கொள்ளும். நோயும் அவற்றை எழுப்பும்: புற்றுநோய்க் கட்டி, நீரிழிவால் கெட்ட விழித்திரை, அழற்சி கண்ட மூட்டு ஆகியவற்றில் புதுக் குழாய்கள் முளைப்பது அப்படித்தான்.

குழாய் ஏன் முளைக்க வேண்டும் என்பதற்கு எளிய காரணம் உண்டு. ரத்தத்திலிருந்து வெளியேறும் ஆக்சிஜன், திசுவுக்குள் சுமார் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் தூரம் வரைதான் ஊடுருவும். அதைத் தாண்டியிருக்கும் செல் மூச்சுத் திணறும். திணறும் செல் உதவி கேட்டுக் குரல் எழுப்பும். அதன் பிறகு நடப்பது இது:

1. ஆக்சிஜன் போதாத செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தை வெளியிடுகின்றன. ரத்தக் குழாய் உட்சுவர் வளர்ச்சிக் காரணி என்று இதன் பெயரை விரிக்கலாம்.
2. அருகிலுள்ள குழாயில் ஓர் உட்சுவர் செல் அந்த வாடையைப் பிடித்து முனைச் செல்லாக மாறுகிறது. சுற்றியுள்ள புரத வலையைக் கரைத்துக்கொண்டு முன்னேறுகிறது.
3. அதன் பின்னால் இருக்கும் செல்கள் பிரிந்து பெருகித் தண்டு போல நீள்கின்றன. தண்டுக்குள் குழிவு உண்டாகிறது.
4. இரண்டு தண்டுகள் சந்தித்து இணைந்ததும் ரத்தம் ஓடத் தொடங்குகிறது. வெளிப்புறத்தில் தாங்கு செல்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. குழாய் முதிர்ந்து மறுபடி உறங்குகிறது.

"வளர்ச்சியைத் தடுக்கிறது" என்ற ஒற்றைச் சொற்றொடர் இந்த நான்கு படிகளில் எதையும் குறிக்கலாம். முனைச் செல் நகர்வதைத் தடுப்பது வேறு, பின்னால் வரும் செல் பிரிவதைத் தடுப்பது வேறு, அமைந்துவிட்ட குழாயை அழிப்பது வேறு. மருந்தாகப் பயன்படுத்தும்போது இவை மூன்றும் மூன்று விதமான விளைவுகளைத் தரும்.

நோய் எதிர்ப்பு செல்லுக்கு இதில் என்ன வேலை?

கிருமியைக் கொல்வதுதானே அவற்றின் வேலை என்று தோன்றலாம். ஆனால், காயம்பட்ட இடத்துக்கு முதலில் ஓடி வருபவை நோய் எதிர்ப்பு செல்கள். வேலை முடிந்து கடைசியாகக் கிளம்புபவையும் அவைதான். நடுவில் நடக்கும் சீரமைப்பை மேற்பார்வை செய்வதும் அவையே.

தோல் கிழிந்த சில நாட்களில் மேக்ரோஃபேஜ் என்னும் பெருவிழுங்கி செல்கள் காயத்தில் குவிகின்றன. குப்பையை விழுங்கிக்கொண்டே வி.இ.ஜி.எஃப். போன்ற காரணிகளைச் சுரந்து குழாய்களை அழைக்கின்றன. அந்தக் கட்டத்தில் காயத்தில் முளைக்கும் தந்துகிகள் சாதாரணத் தோலில் இருப்பதைவிட மிக அடர்த்தியாக இருக்கும். ஆறும் காயம் சிவந்து, லேசாகத் தொட்டாலே ரத்தம் கசிவது அதனால்தான். பின்னர் வாரங்கள் செல்லச் செல்ல அந்தக் குழாய்களில் பெரும்பாலானவை சுருங்கி மறைகின்றன. சிவந்திருந்த தழும்பு மெல்ல வெளிறுகிறது. தழும்பு வெளிறுவதைப் பார்த்த ஒவ்வொருவரும் ரத்தக் குழாய்த் தடுப்புப் புரதங்கள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

இந்த முடித்துவைக்கும் வேலை தானாக நடப்பதில்லை. சி.எக்ஸ்.சி.ஆர்.3 என்ற ஏற்பி இதில் முக்கியமானது. ஏற்பி என்பது செல்லின் மேற்பரப்பில் உள்ள பூட்டு. குறிப்பிட்ட புரதம் மட்டுமே அதற்குச் சாவி. இந்த ஏற்பி இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளில் காயம் ஒழுங்காக முதிர்வதில்லை. செல்கள் மண்டிய தடித்த தழும்பாகவே நின்றுவிடுகிறது. தொடங்கி வைக்க ஆளிருந்தும் முடித்துவைக்க ஆளில்லாத நிலை அது.

தடுக்கும் புரதங்கள் எவை?

பட்டியல் நீளமானது. விளங்கிக்கொள்ள வேண்டியவை சில மட்டுமே.

1. இன்டர்ஃபெரான்கள்

1957இல் லண்டனில் அலிக் ஐசக்ஸ், ஜான் லிண்டென்மன் இருவரும் இவற்றைக் கண்டுபிடித்தார்கள். வைரஸ் தொற்றிய செல் அக்கம்பக்கத்து செல்களுக்கு விடுக்கும் எச்சரிக்கை என்றே அப்போது இவை அறியப்பட்டன. ஆல்ஃபா, பீட்டா வகைகளைப் பல செல்கள் சுரக்கும். காமா வகையைச் சுரப்பவை பெரும்பாலும் டி செல்கள், இயற்கைக் கொல்லி செல்கள் என்ற இரு வகை வெள்ளணுக்கள்.

இவற்றுக்கு ரத்தக் குழாயோடு தொடர்பு உண்டு என்பது 1980இல் தெரியவந்தது. வளர்ப்புத் தட்டில் இருந்த தந்துகி உட்சுவர் செல்களுக்கு இன்டர்ஃபெரான் கொடுத்தபோது அவற்றின் நகர்வு மட்டுப்பட்டது. பின்னால் வேறு வழிகளும் தெரிந்தன. கட்டி செல்கள் சுரக்கும் நாரிழைச் செல் வளர்ச்சிக் காரணியை இன்டர்ஃபெரான் குறைக்கிறது. அதுவும் குழாய் வளர்ச்சியைத் தூண்டும் புரதமே. கூடவே, அடுத்ததாக நாம் பார்க்கப்போகும் கீமோகைன்களை உற்பத்தி செய்யவும் அது பிற செல்களுக்கு ஆணையிடுகிறது.

2. சி.எக்ஸ்.சி.எல்.10 குடும்பம்

கீமோகைன் என்பது செல்களை ஓரிடத்துக்கு அழைக்கும் சிறு புரதம். 1985இல் இன்டர்ஃபெரான் காமாவின் தூண்டுதலால் உருவாகும் ஒரு சிறு புரதம் அடையாளம் காணப்பட்டது. எடை சுமார் 10 கிலோ டால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு) என்பதால் ஐ.பி-10 என்று பெயர் வைத்தார்கள். இன்றைய பெயர் சி.எக்ஸ்.சி.எல்.10. இது விலங்குகளின் உடலில் ரத்தக் குழாய் முளைப்பதைத் தடுக்கிறது என்று 1995இல் காட்டப்பட்டது. சி.எக்ஸ்.சி.எல்.9, 11 ஆகியவை இதன் நெருங்கிய உறவுகள். தட்டணுக்கள் வெளியிடும் சி.எக்ஸ்.சி.எல்.4 தூரத்து உறவு.

இந்தக் குடும்பத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த சி.எக்ஸ்.சி.எல்.8 குழாய் வளர்ச்சியைத் தூண்டுகிறது, சி.எக்ஸ்.சி.எல்.10 தடுக்கிறது. ஒரே சாயல் கொண்ட இரண்டு புரதங்கள் நேர் எதிராக வேலை செய்வது எப்படி? புரதத்தின் முன்பகுதியில் மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன: குளூட்டாமிக் அமிலம், லியூசின், ஆர்ஜினின். இந்த மூன்றெழுத்து முத்திரை சி.எக்ஸ்.சி.எல்.8இல் இருக்கிறது, 10இல் இல்லை. 1995இல் ஆய்வாளர்கள் அந்த முத்திரையை மாற்றிப் பார்த்தார்கள். முத்திரையை இழந்த சி.எக்ஸ்.சி.எல்.8 தடுப்பானாகிவிட்டது, முத்திரையைப் பெற்ற சி.எக்ஸ்.சி.எல்.9 தூண்டுவதாகிவிட்டது. மூன்று எழுத்துகள் மாறினால் "வா" என்பது "நில்" ஆகிவிடுகிறது. விதிவிலக்கும் உண்டு: சி.எக்ஸ்.சி.எல்.12இல் முத்திரை கிடையாது, ஆனாலும் அது குழாய் வளர்ச்சியைத் தூண்டும்.

சி.எக்ஸ்.சி.எல்.9, 10, 11 மூன்றும் போய்ச் சேரும் பூட்டு, மேலே சொன்ன சி.எக்ஸ்.சி.ஆர்.3. உட்சுவர் செல்லில் இந்தப் பூட்டு எந்நேரமும் இருப்பதில்லை. செல் பிரியத் தயாராகி, மரபுப் பொருளைப் படியெடுத்துப் பிரியும் கட்டத்தில்தான் அது தெளிவாகத் தென்படுகிறது. எனவே உறங்கும் குழாயைப் பெரிதும் தொடாமல், பெருகிக்கொண்டிருக்கும் குழாயைக் குறிபார்த்துத் தடுக்க முடிகிறது. உடலின் இந்த ஏற்பாடு வியக்க வைக்கிறது. கிளர்ந்தெழுந்த டி செல்களிலும் இதே பூட்டு உண்டு. ஆகவே ஒரே சாவி, டி செல்லைக் கண்டால் "இங்கே வா" என்றும், பிரியும் உட்சுவர் செல்லைக் கண்டால் "நிறுத்து" என்றும் சொல்கிறது.

3. இன்டர்லூக்கின்-12

இது நேரடித் தடுப்பான் அல்ல. பெருவிழுங்கி செல்களும், கிருமியின் அடையாளத்தை டி செல்களுக்குக் காட்டும் டென்ட்ரிட்டிக் செல்களும் இதைச் சுரக்கும். இது டி செல்களையும் இயற்கைக் கொல்லி செல்களையும் தட்டி எழுப்ப, அவை இன்டர்ஃபெரான் காமாவைச் சுரக்க, அது சி.எக்ஸ்.சி.எல்.10ஐ வரவழைக்க, கடைசியில் குழாய் நிற்கிறது. சங்கிலியின் முதல் கண்ணியை இழுத்தால் முழுச் சங்கிலியும் வரும். இதனால் வந்த ஆபத்தைப் பின்னால் பார்ப்போம்.

4. ஆஞ்சியோஸ்டாட்டின்

இதை நோய் எதிர்ப்பு செல் தயாரிப்பதில்லை, வெட்டியெடுக்கிறது. ரத்தத்தில் மிதக்கும் பிளாஸ்மினோஜென் என்ற புரதத்துக்கு ரத்தக்கட்டைக் கரைப்பதில் பங்குண்டு. அதன் ஒரு துண்டு குழாய் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று 1994இல் கண்டறிந்தார்கள். எலியின் நுரையீரல் கட்டி ஒன்றை அறுவை செய்து நீக்கியதும், வேறு இடங்களுக்குப் பரவி அதுவரை அடங்கியிருந்த கட்டிகள் திடீரென வளர்ந்தன. மூலக் கட்டி இருந்தவரை அதிலிருந்து வந்த ஏதோ ஒன்று அவற்றை அடக்கி வைத்திருந்தது என்று புரிந்தது. அந்த ஏதோ ஒன்றுதான் ஆஞ்சியோஸ்டாட்டின். அந்தக் கட்டியில் துண்டை வெட்டிக் கொடுத்தது பெருவிழுங்கி செல்களின் நொதி என்று 1997இல் தெரியவந்தது.

5. டி.என்.எஃப்.

கட்டியைக் கருகச் செய்யும் காரணி என்ற பொருளில் 1975இல் சூட்டப்பட்ட பெயரின் சுருக்கம் இது. வளர்ப்புத் தட்டில் இது உட்சுவர் செல்லின் பெருக்கத்தைத் தடுக்கிறது. உயிருள்ள விலங்கின் உடலிலோ குறைந்த அளவில் குழாய்களை முளைக்க வைக்கிறது. மிகுந்த அளவில் அவற்றை நாசம் செய்கிறது. டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற மற்றொரு புரதமும் தட்டில் தடுப்பதும் உடலில் தூண்டுவதுமாக 1980களில் ஆய்வாளர்களைத் திணறடித்தது. தட்டில் கிடைத்த முடிவை உடலுக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கு இவை இரண்டைவிடப் பொருத்தமான சான்று இல்லை.

வெள்ளணுக்களில் உள்ள டிஃபென்சின்கள் என்ற கிருமிக்கொல்லிப் புரதங்கள், மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் வெளியிடும் கரையும் வி.இ.ஜி.எஃப். ஏற்பி ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும். கடைசியாகச் சொன்னது வி.இ.ஜி.எஃப்.ஐக் குழாயை எட்டும் முன்பே வழியில் பிடித்துக்கொள்கிறது. கண்ணின் கருவிழி மேற்படலம் ரத்தக் குழாயே இல்லாமல் தெளிவாக இருக்கக் காரணம் இந்த ஏற்பிதான் என்று 2006இல் காட்டப்பட்டது. அங்கே அதைச் சுரப்பவை படலத்தின் சொந்தச் செல்கள்.

குழந்தைகளின் ரத்தக் குழாய்க் கட்டி சொல்லும் பாடம்

இந்தப் புரதங்களின் வலிமையையும் ஆபத்தையும் சேர்த்துக் காட்டும் வரலாறு ஒன்று உண்டு. அது புற்றுநோயில் தொடங்கவில்லை.

பிறந்த சில வாரங்களில் சில குழந்தைகளின் தோலில் செந்நிறத் தடிப்பு தோன்றி வேகமாகப் பெருகும். ஹீமான்ஜியோமா என்ற இந்தக் கட்டி உட்சுவர் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதால் வருவது. பெரும்பாலான குழந்தைகளுக்குச் சிகிச்சையே தேவைப்படாது. சில ஆண்டுகளில் தானே சுருங்கிவிடும். ஆனால் அது மூச்சுக் குழாயையோ கல்லீரலையோ கண்ணையோ அழுத்தினால் பார்வையும் உயிரும் ஆபத்துக்குள்ளாகும். 1980களில் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படாத குழந்தைகளுக்குச் செய்யக்கூடியது அதிகம் இருக்கவில்லை.

1989இல் அமெரிக்காவில், நுரையீரல் முழுவதும் தந்துகிகள் மண்டிய ஒரு சிறுவனுக்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா-2ஏ கொடுத்துப் பலன் கண்ட செய்தி மருத்துவ இதழில் வெளியானது. ரத்தக் குழாய் வளர்ச்சியைத் தடுத்தே ஒரு நோயாளியைக் காப்பாற்றிய முதல் சிகிச்சை அது என்று பலரும் கருதுகிறார்கள். 1992இல் பாஸ்டன் மருத்துவர்கள், உயிருக்கு ஆபத்தான ஹீமான்ஜியோமா இருந்த 20 குழந்தைகளுக்கு இன்டர்ஃபெரான் ஆல்ஃபா-2ஏ கொடுத்த முடிவுகளை வெளியிட்டார்கள். 18 பேருக்குக் கட்டி பாதியோ அதற்கு மேலோ சுருங்கியிருந்தது.

1998இல் மறுபக்கம் தெரிந்தது. இந்தச் சிகிச்சை பெற்ற 26 குழந்தைகளை ஆராய்ந்ததில் 5 பேருக்கு இரு கால்களும் விறைக்கும் நரம்புக் குறைபாடு காணப்பட்டது. வளரும் மூளை அந்தப் புரதத்தைத் தாங்கவில்லை. கட்டியைச் சுருக்கியதிலும் நரம்பைப் பாதித்ததிலும் மருந்து ஒன்றுதான். கட்டிக்கு மட்டும் அதை அனுப்பும் வழி இருக்கவில்லை.

அதன் பிறகு மருத்துவர்கள் இன்டர்ஃபெரானை வேறு வழியற்ற நிலைக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். 2008இல் பிரான்சின் போர்டோ நகரிலிருந்து எதிர்பாராத செய்தி வந்தது: இதயக் கோளாறுக்காகப் புரோப்ரனலால் என்ற மருந்து கொடுக்கப்பட்ட குழந்தையின் ஹீமான்ஜியோமா வெளிறிச் சுருங்கியது. இன்று முதலில் கொடுக்கப்படும் மருந்து அதுதான். 2014இல் அமெரிக்கா இதற்கென்றே ஒப்புதல் அளித்தது. இன்டர்ஃபெரான் சிகிச்சை தோற்றது என்று இதை எழுதிவிட முடியாது. ரத்தக் குழாய் வளர்ச்சியை மருந்தால் நிறுத்த முடியும் என்று மனித உடலில் முதலில் நிரூபித்தது அதுதான். ஆனால் அந்த நிரூபணத்துக்காகச் சில குழந்தைகளின் கால்கள் விறைத்துப்போனதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

புற்றுநோயில் ஏன் இவ்வளவு சிக்கல்?

புதிய குழாய் கிடைக்காத கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளராது. ஆகவே குழாயைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம். அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் முன்வைத்த கருத்து இது. அன்று நம்பியவர்கள் சிலரே. 1998 மே மாதம் நிலைமை தலைகீழானது. அவருடைய ஆய்வகத்தின் ஆஞ்சியோஸ்டாட்டினும், அதைப் போன்ற மற்றொரு தடுப்புப் புரதமான எண்டோஸ்டாட்டினும் எலிகளில் கட்டியைக் கரைத்த செய்தி அமெரிக்கப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்தது. நோயாளிகள் மருத்துவமனைகளைத் தொலைபேசியில் மொய்த்தார்கள். மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் அந்த எலி அற்புதம் திரும்ப நிகழவில்லை.

வென்றது வேறொரு வழி. வி.இ.ஜி.எஃப்.ஐப் பிடித்துக்கொள்ளும் பெவாசிசுமாப் என்ற எதிர்ப்புரதம் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்காக 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இது உடலின் தடுப்புப் புரதத்தைச் சேர்ப்பதில்லை, தூண்டும் புரதத்தைக் கழிக்கிறது. பலன் உண்டு. ஆனால் பெரும்பாலும் சில மாத ஆயுள் நீட்டிப்பாகவே அது அமைந்தது.

தடுப்புப் புரதங்கள் தனி மருந்தாகத் தடுமாறியதற்கான காரணங்கள்:

1. இரு முகம் கொண்ட செல்கள். கட்டிக்குள் நுழையும் பெருவிழுங்கி செல்லைக் கட்டி தன் பக்கம் திருப்பிக்கொள்கிறது. காயத்தைச் சீரமைக்கும் மனநிலையிலேயே அதை வைத்திருந்து வி.இ.ஜி.எஃப். சுரக்க வைக்கிறது. தடுக்க வேண்டிய செல்லே வளர்ப்புத் தாயாகிவிடுகிறது. கட்டியை ஆறாத காயம் என்று நோயியலாளர்கள் அழைப்பது இதனால்தான்.

2. குறுகிய பாதுகாப்பு எல்லை. 1990களின் நடுவில் இன்டர்லூக்கின்-12ஐ நோயாளிகளுக்குச் செலுத்திய ஒரு சோதனையில், 17 பேரில் 12 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட வேண்டியதாயிற்று, இருவர் இறந்தனர். சங்கிலியின் முதல் கண்ணியை இழுத்ததன் விளைவு அது. கட்டிக்குள் மட்டும் தேவைப்பட்ட இன்டர்ஃபெரான் காமா உடலெங்கும் பொங்கியது.

3. அளவைப் பற்றிய தவறான கணக்கு. செல்லைக் கொல்லும் மருந்தைத் தாங்கக்கூடிய உச்ச அளவில் கொடுப்பது வழக்கம். குழாய் வளர்ச்சியைத் தடுப்பதில் இந்தக் கணக்கு சரிப்படுவதில்லை. எலிகளில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபாவைக் குறைந்த அளவில் நாள்தோறும் கொடுத்தபோது கிடைத்த பலன், அதிக அளவில் எப்போதாவது கொடுத்தபோது கிடைக்கவில்லை.

டி.என்.எஃப்.க்கு மட்டும் மருத்துவர்கள் இடப் பிரச்சினையை நேரடியாகத் தீர்த்தார்கள். கையிலோ காலிலோ உள்ள மென்திசுப் புற்றுக்கு, அந்த உறுப்பின் ரத்த ஓட்டத்தை உடலிலிருந்து தற்காலிகமாகப் பிரித்து, அங்கே மட்டும் டி.என்.எஃப்.ஐயும் மெல்ஃபலான் என்ற மருந்தையும் செலுத்துகிறார்கள். கட்டியின் குழாய்கள் சிதைகின்றன, உறுப்பை வெட்டியெடுக்காமல் தப்பிக்க முடிகிறது. ஐரோப்பாவில் 1999இல் இதற்கு ஒப்புதல் கிடைத்தது. உடல் முழுக்கச் செலுத்தினால் அதிர்ச்சி நிலைக்குத் தள்ளும் புரதம், ஒரு காலுக்குள் அடைத்து வைத்தால் மருந்தாகிறது.

டி செல் கட்டியைக் கொல்லும் இன்னொரு வழி

டி செல் கட்டி செல்லைத் தொட்டுக் கொல்கிறது என்பதுதான் பரவலாகத் தெரிந்த சித்திரம். 2000இல் பெர்லின் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டியது வேறு. பிற நோய் எதிர்ப்பு செல்களுக்குத் துணைபுரியும் உதவி டி செல்கள் கட்டியை விரட்டும்போது இன்டர்ஃபெரான் காமாவின் இலக்கு கட்டி செல்லாக இருக்கத் தேவையில்லை. கட்டிக்குள் இருக்கும் சாதாரண செல்கள் அந்தப் புரதத்தை உணர்ந்து குழாய் வளர்ச்சி நின்றாலே போதும்.

2017இல் இதன் விவரம் தெளிவானது. இன்டர்ஃபெரான் காமா கட்டியின் உட்சுவர் செல்களையே தாக்குகிறது. குழாய்கள் பின்வாங்குகின்றன, ரத்த ஓட்டம் நிற்கிறது, கட்டி சுருண்டு விழுகிறது. டி.என்.எஃப். செய்வது போன்ற ரத்தக் கசிவுடன் கூடிய சிதைவு இங்கே இல்லை. கருவளர்ச்சியிலும் காயம் ஆறும்போதும் குழாய்கள் அடங்குகிற இயல்பான முறையையும், கர்ப்பத்தில் கருப்பைத் தமனிகள் மாற்றியமைக்கப்படுகிற முறையையும் இது ஒத்திருக்கிறது. கட்டிக்கென்று தனி ஆயுதம் எதையும் உடல் படைக்கவில்லை. தழும்பை வெளிற வைக்கும் பழைய வழியையே இங்கும் பயன்படுத்துகிறது.

இங்கே ஒரு முரண் தோன்றும். டி செல்கள் கட்டியை அடைய ரத்தக் குழாய் வேண்டும். குழாயை அழித்துவிட்டால் அவை எப்படி உள்ளே வரும்? கட்டியின் குழாய்கள் சாதாரணக் குழாய்கள் போன்றவை அல்ல என்பதில் இதற்கு விடை இருக்கிறது. அவை கோணல்மாணலாக, ஒழுகிக்கொண்டு, ஓட்டமின்றிக் கிடக்கும். வி.இ.ஜி.எஃப்.ஐ அளவாகக் குறைத்தால் மிகையான குழாய்கள் உதிர்ந்து, எஞ்சியவை தாங்கு செல்களோடு ஒழுங்காகும் என்பது 2001இல் ஆய்வாளர் ராகேஷ் ஜெயின் முன்வைத்த கருத்து. குழாய் ஒழுங்கானால் டி செல்லும் உள்ளே வரும், மருந்தும் வரும். 2017இல் எலிகளில் செய்த மற்றோர் ஆய்வு, உதவி டி செல்களே இந்த ஒழுங்கை உண்டாக்குகின்றன என்று காட்டியது. குழாய் சீரானால் டி செல் வரும். டி செல் வந்தால் குழாய் சீராகும்.

இந்தச் சிந்தனையோடு ஒத்துப்போகும் முடிவு 2020இல் கிடைத்தது. அறுவை செய்ய முடியாத கல்லீரல் புற்றுநோயாளிகள் 501 பேரில் ஒரு பிரிவுக்கு, டி செல்லின் கட்டை அவிழ்க்கும் அட்டெசோலிசுமாபும் வி.இ.ஜி.எஃப்.ஐத் தடுக்கும் பெவாசிசுமாபும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. ஓராண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் அந்தப் பிரிவில் 67.2 சதவீதம். அதுவரை வழக்கத்தில் இருந்த சொராஃபெனிப் மருந்து பெற்ற பிரிவில் 54.6 சதவீதம்.

தடை மிகுந்துபோனால்

இதே புரதங்கள் அளவுக்கு மீறினால் நோய் வரும். செய்திகள் பெரும்பாலும் இந்தப் பக்கத்தைத் தொடுவதே இல்லை.

நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் லூபஸ் நோயில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா நீண்ட காலம் மிகுந்திருக்கும். உட்சுவரைப் பழுதுபார்க்க வேண்டிய செல்களை அது முடக்குகிறது. இளம்வயதுப் பெண்களுக்கும்கூட இந்த நோயில் தமனி அடைப்பு முன்கூட்டியே வருவதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. தோல் இறுகும் ஸ்க்ளீரோடெர்மாவில் விரல் நுனிகளின் தந்துகிகள் அழிந்து ஆறாத புண்கள் உண்டாகும். அந்த நோயாளிகளின் ரத்தத்தில் சி.எக்ஸ்.சி.எல்.4 மிகுந்திருப்பதையும், அதைச் சுரப்பது ஒரு வகை டென்ட்ரிட்டிக் செல் என்பதையும் 2014இல் கண்டறிந்தார்கள். தட்டணுவின் புரதம் என்று பாடநூல்கள் சொல்லிவந்ததை நோய் எதிர்ப்பு செல் சுரந்துகொண்டிருந்தது.

மருந்தாகக் கொடுக்கும் இன்டர்ஃபெரானும் விதிவிலக்கல்ல. இன்டர்ஃபெரான் ஆல்ஃபா பெற்ற சிலருக்கு விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபட்டுப் பஞ்சுத் திட்டுகள் போலத் தெரியும். நரம்பு உறை சிதையும் நோய்க்காக நீண்ட காலம் இன்டர்ஃபெரான் பீட்டா எடுத்துக்கொள்வோரில் மிகச் சிலருக்குச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் ரத்தம் உறைந்திருக்கிறது. இந்த மருந்துகளை எடுத்துக்கொள்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது. பார்வையில் மாற்றமோ ரத்த அழுத்த உயர்வோ தெரிந்தால் மருத்துவரிடம் உடனே சொல்வதற்குத்தான் இந்தத் தகவல்.

அடுத்த செய்தி வரும்போது கேட்க வேண்டியவை

1. எந்தச் செல்லில் செய்தார்கள்? ஆய்வகங்களில் பெரும்பாலும் பயன்படுவது தொப்புள்கொடிச் சிரையிலிருந்து எடுத்த உட்சுவர் செல்கள். எளிதாகக் கிடைப்பவை, நன்றாக வளர்பவை. கட்டிக்குள் இருக்கும் தந்துகி செல்லின் இயல்பு அவற்றுக்கு அப்படியே இருக்காது. தட்டைத் தாண்டிக் கோழிக் கருவின் சவ்விலோ விலங்கின் கண்ணிலோ சோதித்தார்களா என்று பார்க்க வேண்டும். டி.என்.எஃப். தட்டில் ஒரு முகமும் உடலில் வேறு முகமும் காட்டியதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

2. "தடுக்கிறது" என்றால் என்ன? நகர்வையா, பிரிதலையா, உயிரையா? நகர்வை மட்டும் தடுக்கும் புரதத்தை நிறுத்தினால் குழாய் மறுபடி கிளம்பும். அப்படியானால் நோயாளி அதை எத்தனை ஆண்டு எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்?

3. புரதம் தேவையான இடத்தில் மட்டும் இருக்க என்ன ஏற்பாடு? இன்டர்லூக்கின்-12 உடலெங்கும் பரவியதால் பட்ட பாட்டுக்குப் பின், அதைக் கட்டிக்குள்ளேயே செலுத்தும் முறைகளும் கட்டியில் மட்டும் விழித்துக்கொள்ளும் வடிவங்களும் சோதிக்கப்பட்டு வருகின்றன.

4. குழாய் தேவைப்படும் வேறு இடங்களில் என்ன ஆகும்? கர்ப்பிணிக்கு, வளரும் குழந்தைக்கு, மாரடைப்பிலிருந்து மீள்பவருக்குக் குழாய் வளர்ச்சி உயிர்நாடி. காயத்துக்கும் அப்படியே. பெவாசிசுமாப் பெறும் நோயாளிக்குத் திட்டமிட்ட அறுவை இருந்தால், குறைந்தது 28 நாட்களுக்கு முன்பே மருந்தை நிறுத்துகிறார்கள். அறுவைக்குப் பின்னும் 28 நாட்களாவது கழிந்து, தையல் போட்ட இடம் நன்றாகக் கூடிய பிறகே மறுபடி தொடங்குகிறார்கள்.